லிட்டருக்குப் பத்து

பல்குரல்காரன் கதைன்னு சொன்னதும் காதத் தீட்டிட்டு உக்காந்திருப்பீங்க, தெரியும். நாய் குலைக்கும், கூட்ஸ் வண்டி பாலம் தாண்டும், கைக்கொழந்த அழும், கடைசியில ஒரு பெரிய மனுசன் குரல்ல ஒரு குத்து வசனம் வரும், கையத் தட்டிட்டு எந்திரிச்சுப் போயிறலாம்னு உங்க கணக்கு. ஒண்ணும் வராது. டீசல்தான் வரும். லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர்ங்கிற ஒரே ஒரு கேள்விதான் வரும், அதுவும் ஆனி மாசத்து மத்தியானத்துல, நாகர்கோவில்லேர்ந்து திசையன்விளைக்குப் போற வழியில, தாணுலிங்கம்ங்கிற ஒரு மனுசனோட மண்டைக்குள்ள. உள்ள போக டிக்கெட் கிடையாது. ஆனா எடம் கம்மி, ஏற்கெனவே ஊர்ப்பட்ட பேரு அங்க உக்காந்து குரல் கொடுத்துட்டு இருக்காங்க. ஓரமா நின்னுக்கிடுங்க.

வலது காலு. தாணுலிங்கத்துக்கு இப்ப ஒடம்புல வேற எதுவும் இல்ல, வலது காலு மட்டும்தான், அதுலயும் பெருவெரலு. செருப்பக் கழட்டி சீட்டுக்கு அடியில தள்ளிட்டு வெறுங்கால ஆக்சிலேட்டர் மேல வச்சிருக்காரு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோழிமுட்ட இருக்குன்னு நெனச்சுக்கிட்டு. முட்ட ஒடையக்கூடாது. முட்ட ஒடைஞ்சா டீசலு. மெதுவா மக்கா, மெதுவா, அப்படித்தான், முள்ளு நாப்பத்தஞ்சுல நிக்கட்டும், பின்னாடி வாறவன் ஆரன் அடிச்சா அடிக்கட்டும், பாம் பாம், இது டாரஸ் லாரி, பீப்பீ, இது பாளையங்கோட்ட பதிவு காரு, தாண்டிப் போங்கவே, உங்களுக்கு ஊருல சோலி இருக்கும், எனக்கு இங்க முட்ட இருக்கு. முட்டன்னு எதுக்கு நெனச்சேன், எலுமிச்சங்காயின்னு நெனச்சிருக்கலாம்லா. முட்டன்னா கோழி, கோழின்னா பால்துர. வந்துட்டான் பாரு, கூப்பிடாமலே வந்துட்டான், மச்சினன்னா அதுதான். பக்கத்து சீட்டுல இருக்க பொண்டாட்டி சொர்ணத்தோட கூடப்பொறந்தவன், போன ஞாயித்துக்கெழம டேப்பத் தூக்கிட்டு வந்து, பிக்கப்புக்குப் பின்னாடி மாட்டுற மேடை டிரெய்லர நீளமா ஒருவாட்டி குறுக்கா ஒருவாட்டி அளந்துட்டு, வாயில பென்சில வச்சுக்கிட்டு, ‘அத்தான், இந்தப் பக்கம் கூண்டு, இந்தப் பக்கம் தராசு, தண்ணி போறதுக்கு இங்கின ஒரு ஓட்ட’ன்னான். ஓட்டயாம். கிளி ஒக்காந்து மைக்குல பேசுற மாதிரி தாணுலிங்கம் ஆசையா வரஞ்சு வச்ச சைடு பலகையில, அந்தக் கிளியோட வயித்துல, தண்ணி போறதுக்கு ஓட்ட. பிராய்லர் கட போடப் போறானாம். சொர்ணமும் தலையத் தலைய ஆட்டுதா. தாணுலிங்கத்தோட மேடையில கோழி நிக்கப்போவுது, அதும் கூவத் தெரியாத கோழி, பிராய்லருக்குக் கூவத் தெரியுமா, கூவுற வயசு வாறதுக்குள்ள அதக் கொழம்பு வச்சிருதான். சேவக்குரலு தாணுலிங்கத்துக்கு ஆறு விதமா வரும். பிராய்லர் குரலுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அதுதான் பயம். முட்ட, முட்ட, கால அமுக்காத.

சொர்ணத்தோட போட்ட பந்தயம் ரொம்பச் சின்னது. கெளம்புற எடத்துல டேங்க் முட்ட டீசலு போட்டாச்சு, திசையன்விளையில மறுபடி முட்டப் போடணும், ஓடுன தூரத்தப் போட்ட டீசலால வகுக்கணும். லிட்டருக்குப் பத்து வந்தா டிரெய்லர் தாணுலிங்கத்துக்கு, அதப்பத்தி வீட்டுல இனி ஒரு வார்த்த கிடையாது. பத்துக்கு ஒரு நூலு கொறஞ்சாலும் பால்துரைக்கு. பிக்கப்பு மட்டும் தனியா ஓடுனா பதினாலு கொடுக்கும், தங்கமான வண்டி. பின்னாடி கொக்கியில இந்தக் குதிர, அதான் டிரெய்லர, மாட்டுனா ஆறு. குதிருன்னு பேரு வச்சது சொர்ணம். நெல்லக் கொட்டிக் கொட்டி நெறையாத குதிரு மாதிரி, டீசலக் குடிச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குமாம். ஆளு ஒசரத்துக்கு மேல ஆளு நின்னாப்புல ஒசரம், நெத்தி செவரு மாதிரி தட்டையா, சக்கரத்து மேல ஒரு வீடு. சைடு பலகைய எறக்குனா மேடை. வாங்குனதுலேர்ந்து நிகழ்ச்சியெல்லாம் மேக்கதான், கருங்கல், தக்கல, மார்த்தாண்டம், மேடும் பள்ளமுமா, ஏறும்போது வண்டி ‘ஹ்ர்ர்ரேன் ஹ்ர்ர்ரேன்’னு முக்கும், எறங்கும்போது பின்னாடிலேர்ந்து டிரெய்லர் இடிக்கும், ஆறுதான் வரும். ஆறு, ஆறு, ஆறுன்னு சொர்ணம் மூணு மாசமா ஏலம் விட்ட மாதிரி சொல்லிட்டுக் கெடந்தா. கிழக்க, திசையன்விளைக்கு, நிகழ்ச்சிக்குப் போறது இதுதான் மொதத் தடவ. அதான் தாணுலிங்கம், கால வச்சுத்தாம்டி இருக்கு எல்லாம், ஒழுங்கா ஓட்டுனா பத்து கொடுக்கும்னு சொல்லிப்புட்டாரு. சொல்லும்போது குரல்ல அப்படி ஒரு அதிகாரம், தாசில்தாரு குரலு அது, எங்கேர்ந்து வந்துதுன்னே தெரியல. சொர்ணம் அவர ஒரு நிமிசம் பாத்தா. அப்புறம், ‘சரி, திசையன்விளைக்குப் போவும்போது பாப்போம்’னா. அவ்வளவு லேசா ஒத்துக்கிட்டாளேன்னு அப்பவே ஒரு சின்ன முள்ளு குத்துச்சு. குத்துன எடத்தத் தேடுனா காணல.

மேடை போனா என்ன. போனா மறுபடி ஜெனரேட்டர் பக்கத்துல. அந்த ஊரு பேரு வேண்டாம், அங்க இப்பவும் சம்பந்தக்காரங்க இருக்காங்க. அம்மன் கோயில் கொடை விழா, தாணுலிங்கத்துக்கு நல்ல தொண்ட, நல்ல கூட்டம், ஏறப்போற நேரத்துல கமிட்டிக்காரன் வந்து, அண்ணாச்சி, மேடையில பொன்னாட போத்துறோம், நாலு பேரு பேசுறாங்க, நீங்க அப்படி கீழ ஓரமா நின்னு நடத்துங்கன்னுட்டான். ஓரம்னா ஜெனரேட்டர் ஓரம். டகடகடகடக. தாணுலிங்கம் ரயில விட்டாரு, ரயிலு கேக்கல. மழை பெஞ்சுது, மழை கேக்கல. பொன்னாட ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு போவுது, மைக்க வேற மேல வாங்கிட்டுப் போயிட்டான். வந்த ஆத்திரத்துல அவரு அந்த ஜெனரேட்டரையே எடுத்தாரு. தொண்டைக்கு அடியில, நெஞ்சுக்குழியிலேர்ந்து, டகடகடகடக, கூடவே இடையில ஒரு இருமல், டகடக் ஹக் டகடக. ஜெனரேட்டர்க்காரப் பையன் பதறிப் போயி ஓடி வந்து மூடியத் தொறந்து உள்ள கைய விட்டுட்டு நிக்கான். அவரு நிறுத்துனா சரியாவுது, எடுத்தா மறுபடி இருமுது. அவன் டீசல் டேங்கத் தட்டிப் பாக்கான், சாமியக் கும்புடுதான். வாழ்க்கையில அதவிடப் பிரமாதமா தாணுலிங்கம் எதையும் பண்ணல. ஒருத்தன் கை தட்டல, ஏன்னா அது அவருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அன்னிக்கு முடிவு பண்ணுனது, மேடை நம்ம கூடவே வரணும், நத்தை கூடு மாதிரி, எவனும் எறக்கிவிட முடியாத மேடை. நத்தைக்கு மைலேஜ் என்ன இருக்கும். நத்தைக்கு வலது காலு இல்ல, அதான் நிம்மதியா இருக்கு.

அந்தப் பத்துக்காக என்னவெல்லாம் பண்ணியாச்சு. மேல இருந்த கேரியரக் கழட்டியாச்சு. டயருக்குக் காத்து கல்லு மாதிரி அடிச்சாச்சு. ஸ்டெப்னிய வீட்டுல வச்சாச்சு, பஞ்சரானா அம்மன் பாத்துக்கிடுவா. டிரம்ஸ்காரனையும் கீபோர்டுகாரனையும் பஸ்ஸுல போங்கடான்னுட்டாரு, டிரம்ஸத் தூக்கிட்டு, கண்டக்டர் அதுக்கு அரை டிக்கெட் போடுவானா முழு டிக்கெட் போடுவானான்னு அவனுவ வடசேரி பஸ் ஸ்டாண்டுல சண்ட போட்டுட்டு இருப்பானுவ. காலையில தாணுலிங்கம் ரெண்டு இட்டிலியோட எந்திரிச்சுட்டாரு, மூணாவது இட்டிலியும் டிரெய்லரோட சேந்துதான இழுக்கணும். இவ்வளவும் பண்ணி, ஏறி உக்காந்து, சாவியத் திருப்பப் போற நேரத்துல சொர்ணம் திசையன்விளையில இருக்க அவ தங்கச்சிக்குன்னு ஒரு சக்கையத் தூக்கிட்டு வந்து காலுக்கு அடியில வச்சா. சக்கையின்னா பலாப்பழம், அதுலயும் வரிக்கச் சக்க, பழுத்தது, ரெண்டு வயசுப் புள்ள கனம். எட்டி, இது எதுக்குன்னாரு. ‘தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோட போவச் சொல்றீங்களா’ன்னா. அதுக்கு மேல பேசுனா பந்தயத்தவிட பெரிய செலவு. இப்ப அந்தச் சக்க அங்க உக்காந்துக்கிட்டு, முள்ளு முள்ளா, மணம் வேற, ஒவ்வொரு சொளையா எறங்கி டீசல் டேங்குல விழுந்த மாதிரி இருக்கு. பத்துக்கு ஒரு நூலு கொறஞ்சா அந்த நூலு இந்தச் சக்கதான். ஒன்பதே முக்காலுன்னு வந்து நின்னா என்ன பண்ண. சக்கைய எறக்கி வச்சுட்டு மறுபடி நாகர்கோவில்லேர்ந்து வருவமான்னு கேக்க முடியுமா. கணக்கு வாத்தியாரு வந்துட்டாரு மண்டைக்குள்ள, மூக்குப்பொடி போட்ட குரலோட, தாணுலிங்கம், ஒரு வண்டி ஒரு சக்கையை இழுத்துச் செல்கிறது எனில், உக்காருங்க சாரே, வழியில பேசாதீங்க, முட்ட ஒடையும்.

தோவாள தாண்டி, ஆரல்வாய்மொழி தாண்டி, மலை ரெண்டு பக்கமும் வெலகி வழி விட்ட எடத்துல வண்டி திடீர்னு லேசாச்சு. நெசமாவே லேசாச்சு. யாரோ பாரத்த வாங்கிக்கிட்ட மாதிரி. தாணுலிங்கம் மொதல்ல கண்ணாடியில பின்னாடி பாத்தாரு, கொக்கி கழண்டு டிரெய்லர் எங்கயும் வயக்காட்டுல போயி நிக்குதோன்னு. இல்ல, கிளி இருக்கு, மைக்கு இருக்கு, பின்னாடியே வருது சமத்தா. சத்தம்தான் இல்ல. எப்பவும் டிரெய்லரோட நெத்தியில ஒரு ஊளை இருக்கும், ‘ம்ம்ம்ஊஊ’ன்னு, நோவாளி மாதிரி, கூடவே ஓரத்துத் தகரம் ‘படபடபட’ன்னு. அத அவரு ஒரு அயிட்டமாவே வச்சிருக்காரு, பேய்க்குப் போடுறது. இன்னிக்கு ஊளையும் இல்ல, பேயும் இல்ல. எஞ்சின் ‘ந்ந்ந்ந்ந்’னு, தூங்குற கொழந்த மூச்சு விட்ட மாதிரி. கால இன்னும் கொஞ்சம் தூக்குனாரு. முள்ளு எறங்கல. இன்னும் தூக்குனாரு. எறங்கல. பெருவெரலு நுனி மட்டும்தான் தொட்டுட்டு இருக்கு, முட்டைக்கே கூச்சம் வாற அளவுக்கு, வண்டி பாட்டுக்குப் போவுது. சின்ன ஏத்தத்துல கூடப் பின்னாடிலேர்ந்து டிரெய்லர் வந்து மெள்ள ஒரு இடி, போ, போன்னு, ஆசையா முதுகத் தட்டுன மாதிரி. ஏத்தத்துல எப்படி இடிக்கும். இடிக்கத்தான் செய்யுது. அதுக்கும் தெரியும்லா, இன்னிக்கு அதோட தலையெழுத்துன்னு. ஜன்னல் ரெண்டும் தொறந்து கெடக்கு, ஆனா உள்ள ஒரு பொட்டுக் காத்து இல்ல, கழுத்துல வேர்வ ஒழுகுது, சட்ட முதுகுல ஒட்டிக்கிட்டு. தாணுலிங்கத்துக்கு அதும் சந்தோசமா இருந்துது. ‘எட்டி, பாத்தியா, இன்னிக்குக் காத்தே இல்ல’ன்னாரு. சொர்ணம் சேலத் தலப்ப எடுத்து மூஞ்சியத் தொடச்சா. தொடச்ச துணிய வாயிலேர்ந்து எடுக்கவே இல்ல. ‘ஆமா, ஒரு பொட்டு இல்ல’ன்னா, துணிக்குள்ளேர்ந்து. தோளு ரெண்டும் ஏன் அப்படிக் குலுங்குது. ரோடு மோசம்.

முப்பந்தல்ல கரண்டு எடுக்குற காத்தாடி எல்லாம் வந்துட்டு. எத்தன. மலையடியிலேர்ந்து கண்ணு போற வர, வெள்ள வெள்ளயா, ஒத்தக் காலுல நின்னுக்கிட்டு, அத்தனையும் இவரு வாற திசையப் பாத்து மூஞ்சிய வச்சுக்கிட்டு, அத்தனையும் மூணு மூணு கையால சுத்திச் சுத்தி. அவ்வளவு ஒசரத்துல காத்து இருக்கும்போல, கீழதான் இல்ல. தாணுலிங்கத்துக்கு அது காத்தாடியாத் தெரியல. கூட்டமாத் தெரிஞ்சுது. கையத் தட்டிக்கிட்டு எந்திரிச்சு நிக்கிற கூட்டம், ஒருத்தன் உக்காரல, கைக்கொழந்தைய வச்சிருக்கவ கூட நிக்கா. அவரு ஸ்டியரிங்லேர்ந்து ஒரு கைய எடுத்து நெத்தியில வச்சு ஒரு கும்புடு போட்டாரு. பக்கத்துல ஒரு வெள்ளப் பிளாஸ்டிக் பை, கவருதான், கடையில சாமான் போட்டுக் கொடுக்கது, உருண்டுக்கிட்டு வந்து வண்டியோட சேந்து ஓடி, கொஞ்ச நேரம் இவரு ஜன்னல எட்டிப் பாத்துட்டு, முந்திப் போயிட்டு. கவரே முந்திப் போற வேகத்துல போறோம், பொறுமைன்னா இதுதான் பொறுமன்னு தாணுலிங்கம் தன்னையே மெச்சிக்கிட்டாரு. பன மரத்து ஓலையெல்லாம் கிழக்க பாத்துத் தலைய விரிச்சுப் போட்டுட்டு நிக்கிது, திசையன்விளைக்கு வழி காட்டுற மாதிரி. எல்லாம் இன்னிக்கு நம்ம பக்கம். சைக்கிள்ல கூட இப்படித்தான் ஒருவாட்டி.

சைக்கிளு. இருவத்திரெண்டு வயசு, எண்ணெ தேச்சுப் படிய வாருன முடி, அப்பாவோட பெரிய சைக்கிளு, இதே ரோடு. காவல்கிணத்துல பொண்ணு இருக்குன்னு தரகன் சொல்லியிருந்தான், முறையாப் பாக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு கள்ளப் பார்வ பாத்துட்டு வந்துறணும்னு இவரு பாட்டுக்குக் கெளம்பிட்டாரு. ஆரல்வாய்மொழி தாண்டுனதும் பெடல்லேர்ந்து ரெண்டு காலையும் எடுத்துட்டாரு. சைக்கிளு நிக்கல. பறந்துது. ரெண்டு கையையும் விட்டுட்டாரு, அப்பவும் பறந்துது, சட்ட முன்னாடி புடைச்சு வயிறு வச்ச மாதிரி, பின்னாடிலேர்ந்து யாரோ சீட்டப் புடிச்சுத் தள்ளுன மாதிரி, வாயில சீட்டி. பஸ்ஸுக்காரன் கூட எட்டிப் பாத்தான். பொண்ணு வீட்டு வாசல்ல இதே சொர்ணம், வாளியில தண்ணியோட, பாவாட காலச் சுத்திக்கிட்டு, இவரப் பாத்து, மூஞ்சியத் துணியால பொத்திக்கிட்டு, இதே மாதிரி தோளு குலுங்க. அன்னிக்கு முடிவாயிட்டு. காதல்னா அதுதான்னு இவரு நெனச்சுக்கிட்டாரு, காலே வைக்காம வண்டி போறது. அப்புறம். அப்புறம் திரும்பி எப்படி வந்தோம். தாணுலிங்கம் யோசிச்சுப் பாத்தாரு. போனது சக்கரத்து ஆரம் வர ஞாபகம் இருக்கு, வந்தது இல்ல. படம் அங்கயே அந்து போவுது, வாளி, துணி, தோளு, அதுக்கு மேல வெள்ளத் திரை. வராமலா இருந்திருப்போம், இப்ப நாகர்கோவில்லதான குடியிருக்கோம். அந்த முள்ளு மறுபடி குத்துச்சு. எங்க குத்துது, தொண்டையிலயா, முட்டிங்காலுலயா. ஆமா, முட்டிங்காலு ரெண்டும் எதுக்கோ வலிச்ச மாதிரி ஒரு, ஏ, ஆட்டுக்கூட்டம், ஆட்டுக்கூட்டம், பிரேக்க அமுக்காதவே, அமுக்குனா இவ்வளவு நேரம் சேத்த வேகம் எல்லாம் சூடாப் போயிரும், காலத் தூக்கு, அப்படியே உருளட்டும், போங்க தாயே, போங்க, ம்மே, ம்ம்மேஏ. ஆடு ரெண்டு திரும்பிப் பாத்து வழி விட்டுது. தொழிலு தெரிஞ்சவனுக்கு ஆடு கூட மரியாத கொடுக்கும். என்ன யோசிச்சுட்டு இருந்தோம். போவட்டும்.

ராதாபுரம் வாறப்போ டீசல் முள்ளப் பாத்தாரு. பாக்கக்கூடாதுன்னு ஆரல்வாய்மொழியிலயே சத்தியம் பண்ணியிருந்தாரு, இருந்தாலும் புண்ண நாக்கு தொடத்தான செய்யும். முள்ளு அசைஞ்ச மாதிரியே இல்ல. சந்தோசத்துக்குப் பதிலா பயம். முள்ளு கெட்டுப் போச்சோ. ஒரு தட்டு தட்டுனாரு. நிக்கி. இன்னொரு தட்டு. ‘அத எதுக்கு அடிக்கீங்க, அது என்ன பண்ணுச்சு’ன்னு சொர்ணம் கேட்டா. அப்ப நெசம்தான். அப்ப பத்து வருமா, பத்து வந்தா, ஒன்பதே முக்காலா, இந்தா இருக்கு சக்க, மூணாவது இட்டிலி சாப்புடாதது எவ்வளவு நல்லதாப் போச்சு, பத்து வந்தா ராத்திரி மேடையில மொத அயிட்டம் என்ன, பிராய்லர் கோழிதான், இல்லாத குரல இன்னிக்கு உண்டாக்கிறணும், ஒரு பிராய்லர் கோழி மேடைய வாங்க வந்து ஏமாந்து போவுது, பால்துர குரல்லயே, ‘இங்கின ஒரு ஓட்ட’, சனம் உருளும், உருளும்போது ஒரு நிமிசம் விடணும், சரியா கைதட்டு உச்சத்துல ஏறி எறங்கப்போற நேரம் பாத்து கும்புட்டுட்டு எறங்கிறணும். இது ஒண்ணுதான் தாணுலிங்கம் இந்தத் தொழில்ல தானாக் கண்டுபுடிச்சது. குரலு எவனுக்கும் வரும். எங்க நிறுத்தணும்ங்கிறது வராது. கூட ஒரு வார்த்த சொன்னா போச்சு, கூட்டம் ஆறிரும். டிரம்ஸ்காரனுக்கு அத எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு, ஜெயிச்ச எடத்துல நிறுத்துடான்னு.

திசையன்விளை பங்க்ல கூட்டம். ரெண்டு லாரி, அதோட டிரைவர், கிளீனர், ஓரத்துல ஸ்கூட்டியில ஒரு அம்மா, வயசு அம்பது இருக்கும், பின்னாடி சீட்டுல முருங்கக்கா கட்டு, தலையில கட்டுன துண்டு மூஞ்சிக்கு முன்னாடி கொடி மாதிரி பறக்கத அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கா. தாணுலிங்கம் வண்டிய நிறுத்தி எறங்குனாரு, வெறுங்காலோட. தரை சுட்டுது, அவருக்குத் தெரியல. முட்டப் போடுங்க தம்பின்னாரு, குரலு அவரோடதாவே இல்ல. சொர்ணம் எறங்கி, சேலய இடுப்புல சொருகிட்டு, பிக்கப்போட பக்கவாட்டப் புடிச்சு ஆட்டுனா. டேங்குக்குள்ள காத்து நின்னா டீசல் கொஞ்சம் கொறச்சலாப் புடிக்கும், ஆட்டுனா அது வெளிய போயி இன்னும் அர லிட்டரு எறங்கும், ஊருல எல்லாரும் பண்ணுறதுதான், ஆனா எல்லாரும் அவங்க ஆதாயத்துக்கு ஆட்டுவாங்க, சொர்ணம் எதிர்க்கட்சிக்கு ஆட்டுதா. வண்டி கடக்கு கடக்குன்னு ஆடுது, சக்க உள்ள உருளுது. ‘டக்’குன்னு பைப்பு நின்னுது. இன்னும் ஆட்டுனா. ‘டக்.’ போதும்மான்னான் பையன், விளிம்புல நிக்கி. லாரி டிரைவர் ஒருத்தன் போனத் தொறந்து வகுத்துப் பாத்தான். ஒரு தடவ பாத்துட்டு டிரெய்லர ஒரு தடவ பாத்தான், மறுபடி வகுத்தான்.

பதினொண்ணுன்னான்.

தாணுலிங்கத்துக்கு உள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்ல இங்க எடம் பத்தாது. சேவ ஆறும் ஒண்ணாக் கூவுச்சு. ரயிலு வந்துது, பாலம் தாண்டுச்சு, தாசில்தாரு எந்திரிச்சு நின்னாரு, கணக்கு வாத்தியாரு மூக்குப்பொடிய எடுத்து மார்ல தூவிக்கிட்டாரு. பதினொண்ணு. பத்து கூட இல்ல, பதினொண்ணு. இந்த டிரெய்லரோடயான்னு கிளீனர் கேட்டான். இவ்வளவு பெருசோடயா அண்ணாச்சி. ஆளுவ சுத்தி வந்துட்டாங்க. ஒருத்தன் கிளிய வேற தடவிப் பாக்கான். தாணுலிங்கம் வெரலத் தூக்கி, அடக்கமா, முட்டையப் பத்திச் சொன்னாரு, சொல்லும்போது எஞ்சினோட அந்த ‘ந்ந்ந்ந்’னையும் போட்டுக் காட்டுனாரு, சனம் சிரிச்சுது, ஒருத்தன் கை தட்டுனான், இன்னொருத்தன் தட்டுனான். மேடை நமக்குத்தான். ஓட்டயும் இல்ல, கூண்டும் இல்ல. சொர்ணம் இடுப்புல சொருகுன சேலய எடுத்து விட்டுக்கிட்டு, ‘தோத்துட்டேன்’னா. மூஞ்சியில தோத்த களையே இல்ல. அப்புறம் ரொம்பச் சாதாரணமா, கறிக்கு உப்பு கேக்க மாதிரி கேட்டா. ‘எல்லாம் உங்க கால்தான, அப்ப நாளைக்கு வீட்டுக்குப் போவும்போதும் இதே பதினொண்ணு வரும்லா.’

இங்க நிறுத்தியிருக்கணும். கும்புட்டுட்டு எறங்குற எடம் இதுதான். ஆனா சுத்தி ஆளு நிக்கி, கை தட்டுன சூடு இன்னும் காதுல இருக்கு, தாசில்தாரு குரலு தொண்ட வர வந்து நிக்கி. ‘வரும்லாவா. இந்தக் காலு நாளைக்கு மட்டும் என்ன வேற ஆளோட காலா. எட்டி, எல்லாரும் சாட்சி. திரும்பிப் போவும்போது பதினொண்ணுக்கு ஒரு நூலு கொறஞ்சா, பந்தயம் ஜெயிச்சதே செல்லாது. டிரெய்லர் சாவிய நானே பால்துர கையில கொடுத்துட்டு, மொதக் கோழிய நானே வெட்டுதேன்.’ கூட்டம் ஓன்னுது. சொர்ணம் கைய நீட்டுனா. தாணுலிங்கம் ஓங்கி அடிச்சாரு கையில, படார்னு, பங்க் தகரம் வர கேட்டுது.

அதுவர துண்ட அமுக்கிப் புடிச்சுக்கிட்டு பேசாம நின்னுட்டு இருந்த ஸ்கூட்டி அம்மாவுக்கு அதுக்கு மேல அடக்க முடியல.

‘என்ன அண்ணாச்சி இப்படிக் கையடிச்சுட்டீங்க’ன்னா அவ, நெசமான கவலையோட. ‘நான் உவரி, கடக்கரைக்காரி. இப்ப ராதாபுரத்துலேர்ந்துதான் வாறேன், வழியெல்லாம் ஆக்சிலேட்டரத் திருகவே இல்ல, மேக்கேர்ந்து கச்சான் காத்து அந்தத் தள்ளு தள்ளுது. ஆனி ஆடி முழுக்க அது ஒரே பக்கம்தான் அடிக்கும், திரும்பாது. உங்க பின்னாடி நிக்கது, வாறப்போ பாய்மரம். போறப்போ செவரு.’